நிக்கோபாரில் போய் நின்ற டச்சுக் கப்பல்கள்: குமரிக்கடல் காற்றை லாக்புக்கில் தேடியது

குமரிக்கடலுக்கு மாதவாரியாக ஒரு காற்று வரைபடம் போட வேண்டும் என்று ரொம்ப நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் ஒருவழியாகத் தேறியது. பன்னிரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் எந்தத் திசைக் காற்று எவ்வளவு பங்கு என்று கம்பிகள். அந்தக் காற்று முழுக்க 1750-க்கும் 1850-க்கும் இடையில் அடித்தது. பாய்மரக் கப்பல்களில் தினமும் மதியம் எழுதிவைத்த குறிப்பேடுகளிலிருந்து, அதாவது லாக்புக்குகளிலிருந்து, எடுத்தேன். நடுவில் சந்தேகம் வந்து, பழைய முறையில் கப்பல் வேகத்தை அளக்கும் லாக் கயிறு ஒன்று செய்து குளச்சலில் வள்ளம் ஏறி அளந்தும் பார்த்தேன். இதே வேலையில் யாராவது இறங்கினால் நேரம் எங்கே போகும், காசு எங்கே போகும் என்று தெரியட்டும்.

ஆரம்பித்தது காற்றுக்காக அல்ல, குளச்சல் போருக்காக. 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்தது ஆடி மாதத்தில். அந்தச் சமயம் கடல் எப்படி இருந்தது என்று எந்தக் கப்பலாவது எழுதியிருக்குமே என்று தேடப்போனேன். அப்போது கண்ணில் பட்டதுதான் கிளிவாக் என்ற தரவுத்தொகுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2000 முதல் 2003 வரை பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு, ஸ்பானிய லாக்புக்குகளைப் படித்து, 2,80,000-க்கும் மேற்பட்ட வரிகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். இலவசம். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் 1750-லிருந்து. 1741-க்கு எனக்கு உருப்படியாக எதுவும் சிக்கவில்லை. சரி, போர் போகட்டும், காற்றையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

கோப்பு எக்செல்லில் திறக்கும். என் பழைய மடிக்கணினியில் திறந்த பிறகு வடிகட்டி ஒன்றைப் போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாறியதும் எல்லாம் நொடிகளில் முடிந்தது. பைத்தான் தெரியாதவர்கள் முதலில் இந்தியப் பெருங்கடல் வரிகளை மட்டும் வெட்டித் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால் எக்செல்லே போதும்.

ஒரு வரி என்பது ஒரு கப்பலின் ஒரு நாள். கப்பலின் பெயர், எங்கிருந்து எங்கே, தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் திசை, காற்றின் வேகத்தைச் சொல்லும் வார்த்தை, மழை உண்டா இடி உண்டா என்று ஒன்று அல்லது பூஜ்யம். கப்பலில் யார் செத்தார், என்ன சரக்கு, எந்த எதிரிக் கப்பல் தென்பட்டது என்றெல்லாம்கூடச் சில வரிகளில் இருக்கும். அதைப் படிக்க ஆரம்பித்தால் வேலை நடக்காது. முதலில் அந்த நெடுவரிசைகளை மறைத்துவிடுங்கள்.

முதல் வரைபடம் போட்டபோது ஆங்கிலேயக் கப்பல்கள் ஒழுங்காகக் கடலில் இருந்தன. கொழும்புக்கும் காலிக்கும் போய்வந்த டச்சுக் கப்பல்களோ கூட்டமாக நிக்கோபார் பக்கம் நின்றன. கொஞ்சம் தலையைச் சொறிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் காலத்தில் தீர்க்கரேகையின் பூஜ்யம் எல்லோருக்கும் கிரீன்விச் கிடையாது. டச்சுக்காரர்கள் பெரும்பாலும் கேனரித் தீவுகளில் டெனரீஃப் மலைச் சிகரத்திலிருந்து எண்ணினார்கள், பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸிலிருந்து. டெனரீஃப் சிகரம் கிரீன்விச்சுக்கு மேற்கே ஏறத்தாழ 16.6 பாகை. கன்னியாகுமரி கிழக்கே 77.55. இரண்டையும் கூட்டினால் 94.2. அதே 94-ஐ கிரீன்விச்சிலிருந்து எண்ணினால் நிக்கோபார் வந்துவிடும். டச்சு மாலுமி சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அவருடைய பூஜ்யம் வேறு இடத்தில் இருந்தது. தொகுப்பைச் செய்தவர்கள் இதையெல்லாம் திருத்திக் கடைசியில் தனியாக இரண்டு நெடுவரிசைகள் வைத்திருக்கிறார்கள். பெயர் லாட்3, லான்3. அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். முன்னால் இருக்கும் தீர்க்கரேகை நெடுவரிசைகள் லாக்புக்கில் உள்ளது உள்ளபடி.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. கப்பல் நாள் மதியத்திலிருந்து மதியம் வரை. பிரிட்டிஷ் கடற்படை 1805 வரை தேதியை நமக்கு அரைநாள் முன்னாலேயே மாற்றிவிடும். நமக்குத் திங்கட்கிழமை மதியம் என்றால் அங்கே செவ்வாய் பிறந்துவிட்டது. மாதக் கணக்குக்கு இது ஒன்றும் செய்யாது. ஒரு குறிப்பிட்ட புயல் நாளைத் தேடுபவர்கள் மட்டும் கவலைப்பட்டால் போதும்.

அடுத்தது எந்தக் கட்டத்துக்குள் வரும் கப்பல்களை எடுப்பது என்பது. என் ஊர்ப்பாசத்தில் முட்டம், குளச்சல், கன்னியாகுமரி அடங்குகிற மாதிரி இரண்டு பாகை அகலத்தில் சின்னக் கட்டம் போட்டேன். மார்கழி, தை மாதங்களுக்கு வரிகள் கிடைத்தன. ஜூன், ஜூலைக்கு அநேகமாக வெறும் கட்டம். எனக்கு வேண்டியதே அந்த இரண்டு மாதம்தான்!

குளச்சலில் எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் அப்பாவை நான் பாட்டா என்றுதான் கூப்பிடுவேன். கட்டுமரத்தில் பாய் கட்டி ஓடின ஆள். வரைபடத்தைக் காட்டி, ஆனி ஆடியில் மட்டும் கப்பலே இல்லை என்றேன். சிரித்துவிட்டார். "ஆனி ஆடியில எவன் மக்களே கரைய ஒட்டி வருவான்? கச்சான் கொண்டு பாறையில சாத்திரும்லா."

கச்சான் என்றால் மேற்குக் காற்று. அதேதான். கப்பல்காரர்கள் அந்த மாதங்களில் மலபார்க் கரையை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். துறைமுகங்கள் அடைபட்டுக் கிடந்தன. ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் தென்மேற்குக் காற்றை நடுக்கடலில் பிடித்துக்கொண்டு, வேகம் அடங்கும் சமயத்தில் கரை சேருகிற மாதிரி கணக்குப்போட்டுக் கிளம்பினார்கள். ஆகவே லாக்புக்கில் வரி இல்லை என்றால் காற்று இல்லை என்று அர்த்தமில்லை, அளவுக்கு மீறி இருந்தது என்றுகூட அர்த்தமாகலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் இந்தத் தரவைத் தொடும்போது முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இது. கப்பலின் எண்ணிக்கையைக் கொண்டு எதையும் தீர்மானிக்காதீர்கள். ஒவ்வொரு மாதத்துக்குள்ளும் எந்தத் திசை எத்தனை பங்கு என்று மட்டும் பாருங்கள்.

கட்டத்தைப் பெரிதாக்கினேன். வடக்கு 5 முதல் 10 பாகை, கிழக்கு 72 முதல் 80 வரை. மினிக்காய் பக்கமும் இலங்கையின் மேற்குக்கரையும் உள்ளே வந்துவிட்டன. குமரிக்கடல் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும், ஜூன், ஜூலை வட்டங்களுக்கு உயிர் வந்தது.

திசையைக் கணக்கிடுவதில் ஒரு குழி இருக்கிறது. பழைய திசைகாட்டியில் 32 முனைகள், ஒவ்வொன்றும் 11.25 பாகை. எண்ணாக மாற்றுவது சுலபம், சராசரி எடுப்பதுதான் ஆபத்து. 350 பாகையில் ஒரு நாள், 10 பாகையில் ஒரு நாள் காற்று அடித்தால் இரண்டும் வடக்கு. சாதாரணச் சராசரி போட்டால் 180 வரும், அதாவது நேர் தெற்கு! எக்செல் வாயைத் திறக்காமல் இதைச் செய்துவைக்கும். சராசரியே வேண்டாம் என்று, எட்டுத் திசைப் பெட்டிகளில் எண்ணிப் போட்டுவிட்டேன்.

காற்றின் வேகத்தை விட்டுவிட்டேன். ஃபிரான்சிஸ் போஃபோர்ட் தன் அளவுகோலை 1806 வாக்கில் எழுதிவைத்தாலும் பிரிட்டிஷ் கடற்படை அதை முறையாக எடுத்துக்கொண்டது 1838-ல்தான். அதற்கு முன் எல்லாம் வார்த்தைகள். டச்சுக்காரர்கள் எந்தப் பாயை விரிக்க முடிகிறதோ அதன் பெயரையே காற்றுக்கும் வைத்தார்கள்; பிராம்ஸைல் விரிக்கிற காற்று, மார்ஸைல் விரிக்கிற காற்று என்று. இதற்கெல்லாம் பன்மொழி அகராதியே போட்டு எண்ணாக மாற்றியிருக்கிறார்கள், பெரிய உழைப்பு. இருந்தாலும் பயந்த கேப்டன் ஒரு பாயைச் சீக்கிரம் சுருட்டுவார், துணிந்தவர் விட்டுப்பிடிப்பார். திசையில் அப்படிக் கோணல் வராது. காற்று மேற்கே இருந்தால் எல்லோருக்கும் மேற்குதான்.

அப்புறம் வந்த சந்தேகம்தான் வள்ளத்தில் கொண்டுபோய் விட்டது. இந்தக் கப்பல்கள் தாங்கள் இருந்ததாக எழுதிய இடத்தில் உண்மையிலேயே இருந்தனவா? அட்சரேகையை மதியச் சூரியனை வைத்து நன்றாகவே அளந்தார்கள். தீர்க்கரேகைக்கு, நல்ல கடிகாரம் கைக்கு வரும்வரை, வேகத்தையும் திசையையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டியதுதான் கணக்கு. வேகத்தை அளந்தது ஒரு பலகையும் கயிறும். பலகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, குறித்த நேரத்துக்குள் கயிற்றில் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணுவார்கள். அதையே செய்து பார்த்துவிட்டால் பிழை எவ்வளவு என்று கைக்குத் தெரிந்துவிடும் அல்லவா.

பலகை கால்வட்ட வடிவம். வள்ளம் கட்டும் இடத்தில் கழித்துப்போட்ட 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில், 15 சென்டிமீட்டர் ஆரத்தில் அறுத்தேன். வளைந்த ஓரத்தில் வலைக்குக் கட்டும் ஈயத்தைத் தட்டையாக அடித்துப் பதிக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். பக்கெட்டில் வைத்துப் பார்த்தேன். 60 கிராமில் சரிந்து மிதந்தது. 75 கிராமில் முனை மட்டும் வெளியே தெரிய நேராக நின்றது. இன்னும் ஒரு துண்டு சேர்த்தால் மூழ்கிவிடும். மூன்று மூலையிலும் கயிறு கட்டி ஒன்றாக்க வேண்டும். அதில் ஒரு கயிற்றை முடிச்சுப் போடாமல் மரக்குச்சி செருகி வைத்தேன். அளந்து முடிந்ததும் வெடுக்கென்று இழுத்தால் குச்சி பிடுங்கிக்கொள்ளும், பலகை படுத்துவிடும், சுலபமாக இழுக்கலாம். குச்சி இல்லாமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், தோள் சொல்லும்.

கயிறு 3 மில்லிமீட்டர் நைலான், 100 மீட்டர். மீன்பிடிச் சாமான் கடையில் எடைபோட்டுக் கொடுத்தார்கள். முதல் 10 மீட்டர் சும்மா விட வேண்டும், பலகை வள்ளத்தின் பின்சுழலைத் தாண்டிப் போகட்டும் என்று. அங்கே ஒரு சிவப்புத் துணி. அதிலிருந்து 14.40 மீட்டருக்கு ஒரு முடிச்சு. இந்த அளவு கப்பல்காரர்களுடையது: 28 விநாடி மணல் கடிகாரத்துக்கு 47 அடி 3 அங்குலம். 28 விநாடியில் ஒரு முடிச்சு ஓடினால் ஒரு மணிக்கு ஒரு கடல் மைல். முற்காலத்தில் பல கப்பல்களில் முடிச்சுக்கு ஏழு பாகம், அதாவது 42 அடிதான் வைத்தார்களாம். அப்படி வைத்தால் கப்பல் உண்மையைவிட வேகமாக ஓடுவதாகக் கணக்கு வரும், கரை வரும் முன்னே கரையைத் தேட ஆரம்பிப்பார்கள். கரையை எதிர்பாராமல் போய் மோதுவதைவிட அது மேல் என்று நினைத்திருப்பார்கள் போல.

மணல் கடிகாரமும் செய்தேன், கொழுப்புதான். ஒரே அளவில் இரண்டு இருமல் மருந்து பாட்டில், மூடிகளை முதுகோடு முதுகு ஒட்டி நடுவில் துளை. கன்னியாகுமரியில் சுற்றுலாக்காரர்களுக்குப் பொட்டலத்தில் விற்கும் வண்ண மணலை வாங்கி வாணலியில் வறுத்துப் போட்டேன். வீட்டில் 28 விநாடிக்கு அழகாக ஓடியது. வள்ளத்தில் உப்புக்காற்று எங்கிருந்து நுழைந்ததோ, பாதியில் நின்று நின்று இறங்கியது. ஈரம் பட்டால் மணல் இறுகும் என்பது பழைய மாலுமிகளுக்கும் தலைவலியாக இருந்த சங்கதிதான். கைபேசியை எடுத்துக்கொண்டேன்.

பாட்டாவின் மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், ஆவணியில் கடல் கொஞ்சம் இறங்கியிருந்த ஒரு காலையில் தன் ஃபைபர் வள்ளத்தில் கூட்டிப்போனார். எஞ்சினை ஒரே சீராகக் குறைத்துவைத்து, குளச்சலிலிருந்து முட்டம் பக்கமாகப் போனோம். கயிற்றைச் சுற்றியிருந்த பிவிசி குழாய் ராட்டு இறுகிக்கொண்டு பலகையைக் கூடவே இழுத்துவந்தது. வேகம் இரண்டரை நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) என்று காட்டியது. ராட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, கயிற்றை வளையம் வளையமாக வள்ளத்தின் தரையில் அடுக்கிக் கையாலேயே தாராளமாக விட்டதும் நாலேகால் வந்தது. கைபேசியின் ஜிபிஎஸ் 4.8 என்றது. திரும்பி குளச்சலை நோக்கி வரும்போது கயிறு 4, ஜிபிஎஸ் 3.5.

போகும்போது ஜிபிஎஸ் கூட, வரும்போது குறைய, ஏறக்குறைய அரை நாட். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அது நீவாடுடே" என்றார். நீவாடு என்றால் நீரோட்டம். பலகை தண்ணீரில் கிடக்கிறது. தண்ணீரே நகர்ந்தால் பலகையும் கூடவே நகரும், அதனால் நீரோட்டம் லாக் கயிற்றுக்குத் தெரியவே தெரியாது. கோடைப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கடலில் ஓட்டம் தெற்கும் கிழக்குமாகப் போகும், குளிர்காலத்தில் எதிர்ப்பக்கம். அரை நாட் என்றால் ஒரு நாளைக்கு 12 கடல் மைல், 22 கிலோமீட்டர். நிலம் பார்க்காமல் ஐந்து நாள் இப்படிப் போனால் ஒரு பாகை தீர்க்கரேகை போச்சு. நான் ஆசையாகப் போட்ட இரண்டு பாகைக் கட்டம் எவ்வளவு அபத்தம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. பெரிய கட்டத்தை வேறு வழியில்லாமல்தான் போட்டிருந்தேன். கயிறு அளந்த பிறகு அதுதான் நியாயமான அளவு என்று ஆனது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கரை தெரியும் தூரத்தில் கேப்டன்கள் முனைகளையும் மலைகளையும் திசைகாட்டியில் பிடித்து, குமரிமுனை இன்ன திசையில் இத்தனை லீக் (ஒரு லீக் மூன்று கடல் மைல்) என்று எழுதுவார்கள். நம் கடற்கரையில் கணியம் பார்ப்பது இதே வேலை. அந்த வரிகளின் இடத்தை நம்பலாம். தரவில் கரை அடையாளம் குறித்த வரிகளைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், வடிகட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து கயிற்றை மறுபடி அளந்தேன். 14.40 வைத்த இடம் 14.7 ஆகியிருந்தது. புதுக் கயிற்றை நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டு, நீள்கிறதெல்லாம் நீண்ட பிறகுதான் முடிச்சுப் போட வேண்டும்.

வரைபடத்துக்கு வருவோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கு. ஏப்ரலில் நிலையில்லாமல் எல்லாப் பக்கமும். மே மாதமே மேற்கு தலைதூக்கிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எதிர்பார்த்த தென்மேற்குக் கம்பியைவிட மேற்கும் வடமேற்கும் தடிமன். முதலில் தெற்குக்கும் மேற்குக்கும் இடைப்பட்ட காற்றை மட்டும் பருவக்காற்றாக எண்ணியிருந்தேன், அதனால் பருவக்காற்றின் பெரும்பகுதி கணக்கிலேயே வரவில்லை. நடு அரபிக்கடலில் தென்மேற்காக வருவது, மேற்குக்கரையை நெருங்கும்போது மேற்காகவும் வடமேற்காகவும் திரும்பிவிடுகிறது. முப்பந்தல் காற்றாலைகள் அந்த மாதங்களில் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன என்று பேருந்தில் போகும்போது பார்த்திருந்தாலே போதும். திசை எல்லையை வடமேற்கு வரை நீட்டினேன், எல்லாம் சரியாக உட்கார்ந்தது.

பருவமழை தொடங்கும் நாளைப் பிடிக்க முடியுமா என்றும் பார்த்தேன். கேரளத்தில் வழக்கமான தொடக்கம் ஜூன் 1. என் கட்டத்தில் காற்று அதற்கு முன்னாலேயே திரும்பிவிடுவதால் இந்த இடத்தை வைத்து மழைநாளைச் சொல்ல முடியாது. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2016-ல், கப்பல் குறிப்புகளில் காற்றின் திசையை மட்டும் வைத்துத் தொடக்க நாளைக் கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது அரபிக்கடல்.

ஒக்கி மாதிரிப் புயல் ஏதாவது பழைய குறிப்பில் சிக்குமா என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் வரும் கேள்வி. அதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தொகுப்பை எடுத்தேன். பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் லாக்புக்குகளில் சுமார் 900-ஐ, 1789 முதல் 1834 வரை, ஏற்றியிருக்கிறார்கள். பாரமானி அளவும் வெப்பமும் உண்டு. கோப்பு நெடுவரிசை பிரிக்காத ஒரே நீள எழுத்துவரிசை: முதல் நான்கு எழுத்து வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள், நான்கு மணி, ஐந்து அட்சரேகை, ஆறு தீர்க்கரேகை. 77.55 பாகை 7755 என்று இருக்கும். பிரிப்பதற்கே ஒரு சாயங்காலம் போய்விட்டது. கப்பலுக்குக் கப்பல் பாரமானி கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ காட்டும் என்பதால் ஒரு கப்பலை அதன் முந்தின நாளோடுதான் ஒப்பிட வேண்டும். நவம்பர், டிசம்பரில் என் கட்டத்துக்குள் புயல் என்று சொல்லும்படி ஒன்றும் தேறவில்லை. நாளுக்கு ஒரு வரி எழுதிக்கொண்டு போகிற நாலைந்து கப்பல்களுக்கு நடுவே ஒரு புயல் யாருக்கும் தெரியாமல் கடந்து போக நிறைய இடம் இருக்கிறது. ஆகவே புயல் இல்லை என்று இதைக் காட்டி யாரும் சொல்லிவிட வேண்டாம்.

செலவு: ஈயம் 60 ரூபாய், கயிறு 220, குழாய் 90 (வீண்), மணல் பொட்டலம் 20 (அதுவும் வீண்), வள்ளத்துக்கு எண்ணெய் 700. பிளைவுட்டுக்குக் காசு வாங்கவில்லை. தரவு முழுக்க இலவசம்.

மறுபடி செய்தால் முதல் நாளே கட்டத்தைப் பெரிதாக வைப்பேன், காற்றின் வேக நெடுவரிசையைத் தொடவே மாட்டேன், டச்சு வரிகளையும் ஆங்கில வரிகளையும் தனித்தனி நிறத்தில் போட்டுப் பார்த்த பிறகே சேர்ப்பேன். லாக் கயிற்றுக்கு ராட்டு வேண்டாம், ஒரு அகலமான பிளாஸ்டிக் கூடை போதும். தை மாதம் நீவாடு எதிர்ப்பக்கம் ஓடும்போது அதே குளச்சல் முட்டம் வழியில் இன்னொருமுறை அளக்க அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எண்ணெய்க் காசை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.